ஏசி ரிமோட் யார் கையில? ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலுக்கு செட்டிங்ஸ் கொடுக்கிறது எப்படி

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தி எழுத்தாக்கியது.)

இன்னைக்கு டாபிக் கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா பிஜி-ல தங்கினவங்களுக்கு ஈஸியா புரிஞ்சிடும். அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரூம்ல மூணு கட்டில், ஒரு ஏசி, ஒரு ரிமோட். நான் 26-ல வெச்சுட்டுப் படுத்தாச்சு. ரூம்மேட் ஒருத்தன் நைட் ஷிஃப்ட் முடிச்சு வேர்த்து விறுவிறுக்க வருவான், 18-ல வெச்சுட்டுத் தூங்கிடுவான். விடியக்காலை மூணு மணிக்கு நான் குளிர்ல முழிச்சுப்பேன். என் கட்டில் மாறல, என் போர்வை மாறல, நான் எதையும் தொடல. ஆனாலும் எனக்குக் குளிருது. அவன் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அவனுக்கு வேர்த்தது, ரிமோட் கைக்கு எட்டுச்சு, அவ்வளவுதான்.

ஒரு ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலை எழுதி, "இதை யூஸ் பண்றவங்க அவங்கவங்க தேவைக்கு மாத்திக்கட்டும்"னு ஒரு செட்டிங் வைக்கிறோம் இல்லையா, அதை எங்க வைக்கிறோம்ங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு. தப்பான இடத்துல வெச்சா அது இந்த ஏசி ரிமோட் மாதிரி ஆயிடும். நான் அப்படி ஒரு ரிமோட் வெச்சேன். அதனால சிலருக்கு ரெண்டு தடவை பணம் போச்சு.

நடந்தது என்ன

அப்போ நான் ஒரு சின்ன கம்பெனில பேக்எண்ட் வேலை பார்த்துட்டு இருந்தேன். நோட் ஜேஎஸ் சர்வர். வெளியில இருக்கிற சர்வீஸ்களை கூப்பிடும்போது நெட்வொர்க் சொதப்பினா மறுபடி முயற்சி பண்ற ஒரு சின்ன மாட்யூல் எழுதினேன். பேரு ரீட்ரை. மொத்தமே நாப்பது வரி இருக்கும்.

எத்தனை தடவை மறுபடி முயற்சிக்கணும்ங்கிறதை மாட்யூலோட மேல ஒரு வேரியபிள்ல வெச்சேன். ஆரம்ப மதிப்பு ஜீரோ, அதாவது மறுமுயற்சி கிடையாது. அதை மாத்த "கான்ஃபிகர்"னு ஒரு ஃபங்ஷனை எக்ஸ்போர்ட் பண்ணேன். யாருக்கு எவ்வளவு வேணுமோ அதைக் கூப்பிட்டு மாத்திக்கலாம். பார்க்க ரொம்ப நீட்டா இருந்துச்சு. ரிவ்யூலயும் யாரும் ஒண்ணும் சொல்லல.

பேமென்ட் கோடு இந்த மாட்யூலை யூஸ் பண்ணுச்சு. கான்ஃபிகரைக் கூப்பிடவே இல்ல. ஏன்னா டிஃபால்ட் ஜீரோ, அவங்களுக்குத் தேவையும் ஜீரோதான். நாலு மாசம் எந்தப் பிரச்சினையும் இல்ல.

அப்புறம் ரிப்போர்ட் டீம்ல ஒருத்தர் இதே மாட்யூலை எடுத்தார். ரிப்போர்ட்டுக்கு டேட்டா எடுக்கிற சர்வீஸ் அடிக்கடி விழும். அதனால அவர் ஃபைல்ல கான்ஃபிகரைக் கூப்பிட்டு மூணுன்னு வெச்சார். அவருக்கு அது சரியான எண். ஆனா ரெண்டு கோடும் ஓடுறது ஒரே நோட் ப்ராசஸ்ல. அந்த நிமிஷத்துல இருந்து பேமென்ட்டுக்கும் மூணு.

ஒரு நாள் பேமென்ட் கேட்வே மெதுவா பதில் சொல்லுச்சு. பணம் எடுத்தாச்சு, ஆனா பதில் வர்றதுக்குள்ள நம்ம பக்கம் டைம்அவுட். ரீட்ரை மாட்யூல் அதைத் தோல்வின்னு எடுத்துக்கிட்டு மறுபடி அனுப்புச்சு. மறுபடியும் பணம் போச்சு. சப்போர்ட்டுக்கு வந்த முதல் மெயில் இன்னும் ஞாபகம் இருக்கு. மாசக் கடைசி, வாடகைக்கு வெச்சிருந்த பணம், ரெண்டு தடவை எடுத்திருக்கீங்க, எப்போ திரும்ப வரும்னு கேட்டிருந்தார். அதுக்குள்ள இன்னும் ஆறு பேர்.

நாங்க முதல்ல திறந்தது பேமென்ட் ஃபைலைத்தான். கிட் ஹிஸ்டரில நாலு மாசமா அதுல ஒரு வரி கூட மாறல. ரீட்ரை மாட்யூலும் மாறல. எதுவும் மாறாத கோடு வேற மாதிரி நடந்துக்குது. ரிப்போர்ட் ஃபைல்ல போய்த் தேடணும்னு யாருக்குத் தோணும்? கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆச்சு.

ஒண்ணு இங்கேயே சொல்லிடுறேன். பேமென்ட் மாதிரி விஷயத்துல ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் சேர்த்து அனுப்பணும். அப்போ அதே கோரிக்கை ரெண்டாவது தடவை வந்தாலும் கேட்வே பணம் எடுக்காது. ஐடெம்பொட்டன்சி கீ-ன்னு சொல்வாங்க. அது எங்ககிட்ட இல்லாததும் தப்புதான். ஆனா அது தனி எபிசோட். இன்னைக்கு ரிமோட்டைப் பத்தி மட்டும் பேசுவோம்.

மாட்யூல் ஒரே ஒரு தடவைதான் ஓடும்

இது ஏன் நடந்துச்சுன்னு புரிய ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். ஒரு மாட்யூலை பத்து ஃபைல்ல இம்போர்ட் பண்ணாலும், அந்த மாட்யூல் ஃபைல் மேல இருந்து கீழ வரைக்கும் ஓடுறது ஒரே ஒரு தடவை. அப்புறம் கேக்கிற எல்லாருக்கும் அதே ஒண்ணுதான் கிடைக்கும். பத்து பேருக்குப் பத்து காப்பி கிடையாது. ஸோ மாட்யூலோட மேல ஒரு வேரியபிள் வெச்சா, அது அந்த ப்ராசஸ்ல இருக்கிற எல்லாருக்கும் பொது.

நிறைய பேர் இங்க ஒரு கேள்வி கேப்பாங்க: "இம்போர்ட் பண்ணும்போதே ஒரு மதிப்பு அனுப்ப முடியாதா?" முடியாது. 2015-ல வந்த எக்மாஸ்கிரிப்ட் மாட்யூல்கள்ல, நாம யூஸ் பண்ற அந்த இம்போர்ட் ஸ்டேட்மெண்ட்ல, ஆர்க்யுமெண்ட் கொடுக்க இடமே இல்ல. பழைய காமன் ஜேஎஸ்-ல ரிக்வையர்ங்கிறது ஒரு ஃபங்ஷன். அது திருப்பித் தர்றதும் ஒரு ஃபங்ஷனா இருந்தா, அதே வரில இன்னொரு அடைப்புக்குறி போட்டு மதிப்பைக் கொடுத்துடலாம். டீபக்-னு ஒரு பிரபலமான லாகிங் பேக்கேஜை அப்படித்தான் கூப்பிடுவாங்க: ரிக்வையர் டீபக், உடனே இன்னொரு அடைப்புக்குறில உங்க மாட்யூலோட பேரு. இம்போர்ட்ல அதை ஒரே வரில பண்ண முடியாது. ரெண்டு வரி ஆகும். முதல்ல இம்போர்ட், அப்புறம் கூப்பிடறது.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கு. இம்போர்ட் பாதையோட கடைசில ஒரு கேள்விக்குறி போட்டு க்வெரி ஸ்ட்ரிங் சேர்த்தா, ப்ரௌசரும் சரி, நோட்-ல எக்மாஸ்கிரிப்ட் மாட்யூலும் சரி, அதை வேற முகவரின்னு நினைச்சு தனியா இன்னொரு தடவை ஓட்டும். மாட்யூல் உள்ள இருந்து அந்த முகவரியைப் படிச்சு மதிப்பை எடுத்துக்கலாம். கேக்க ஜாலியா இருக்கும். ஆனா ஸ்ட்ரிங் மட்டும்தான் அனுப்ப முடியும், ஒரு ஃபங்ஷனையோ ஆப்ஜெக்ட்டையோ அனுப்ப முடியாது. படிக்கிறவங்களும் குழம்புவாங்க. வேலைக் கோடுல இதை வைக்காதீங்க.

வரிசையை நம்பினா ஏமாறுவோம்

"சரி, எல்லாருக்கும் முன்னாடி நான் கான்ஃபிகரைக் கூப்பிட்டுட்டா?"ன்னு ஒரு யோசனை வரும். அதுலயும் ஒரு குழி இருக்கு. ஒரு ஃபைல்ல முதல் வரி ரீட்ரையை இம்போர்ட் பண்றது, ரெண்டாவது வரி கான்ஃபிகரைக் கூப்பிடறது, மூணாவது வரி பேமென்ட்டை இம்போர்ட் பண்றதுன்னு வைங்க. நாம மேல இருந்து கீழ படிப்போம். ஜாவாஸ்கிரிப்ட் அப்படி ஓட்டாது. அந்த ஃபைல்ல இருக்கிற எல்லா இம்போர்ட்டையும் முதல்ல முடிச்சுட்டு, அப்புறம்தான் மத்த வரிகளுக்கு வரும். ஸோ பேமென்ட் ஃபைல் ஓடி முடிஞ்ச பிறகுதான் உங்க கான்ஃபிகர் ஓடும். பேமென்ட் தன் மேல் வரிகள்லயே அந்த செட்டிங்கைப் படிச்சிருந்தா, பழைய மதிப்புதான் அதுக்குக் கிடைச்சிருக்கும்.

டாட்என்வ் யூஸ் பண்ணவங்க இதுல ஒரு தடவையாவது அடி வாங்கியிருப்பீங்க. என்வ் ஃபைலை லோடு பண்ற வரி மேல இருக்கு, ஆனா கீழ இம்போர்ட் ஆன மாட்யூல்ல எல்லாம் அன்டிஃபைன்ட். காரணம் இதேதான். அதனாலதான் டாட்என்வ்-க்கு ஃபங்ஷனாக் கூப்பிடாம, வெறும் இம்போர்ட் பண்ணாலே லோடு ஆகிற ஒரு வழியும் வெச்சிருக்காங்க.

ஆளுக்கு ஒரு ஃபேன்: ஃபேக்டரி ஃபங்ஷன்

பிஜி பிரச்சினைக்குத் தீர்வு என்ன? ரிமோட்டை ஒளிச்சு வைக்கிறது இல்ல. கட்டிலுக்கு ஒரு ஃபேன், ஃபேனுக்கு ஒரு ரெகுலேட்டர். என் ரெகுலேட்டரை நான் திருப்பினா என் ஃபேன் மட்டும்தான் மாறும்.

கோடுல இதுக்குப் பேரு ஃபேக்டரி ஃபங்ஷன். மாட்யூல், நேரா வேலை செய்யற ஃபங்ஷனை எக்ஸ்போர்ட் பண்ணாது. அதுக்குப் பதிலா "கிரியேட் ரீட்ரை"னு ஒரு ஃபங்ஷனை எக்ஸ்போர்ட் பண்ணும். நீங்க அதுக்கு ஒரு ஆப்ஷன்ஸ் ஆப்ஜெக்ட் கொடுப்பீங்க. அது உங்க ஆப்ஷன்ஸை உள்ள வெச்சுக்கிட்டு, வேலை செய்யற ஃபங்ஷனைத் திருப்பிக் கொடுக்கும். அந்த மதிப்புகள் க்ளோஷருக்குள்ள இருக்கும். மாட்யூல் மேல ஒரு பொது வேரியபிள் கூட இருக்காது. மாட்யூல் இன்னமும் ஒரு தடவைதான் ஓடுது, ஆனா கிரியேட்டை எத்தனை தடவை கூப்பிடறீங்களோ அத்தனை தனித்தனி ரீட்ரை.

ரிப்போர்ட் ஃபைல்ல கிரியேட் ரீட்ரை, மூணு. பேமென்ட் ஃபைல்ல கிரியேட் ரீட்ரை, ஜீரோ. ஒண்ணு மாறினா இன்னொண்ணுக்குத் தெரியக்கூடத் தெரியாது. முக்கியமான விஷயம், பேமென்ட் ஃபைலைத் திறந்து படிச்சாலே அது எப்படி நடந்துக்கும்னு தெரியுது. வேற எந்த ஃபைலையும் தேட வேண்டாம்.

நீங்க தினமும் யூஸ் பண்ற பல விஷயங்கள் இப்படித்தான் இருக்கு. எக்ஸ்பிரஸ்ல ஜேசன் படிக்கிற மிடில்வேரை எக்ஸ்பிரஸ் டாட் ஜேசன்னு கூப்பிட்டு, லிமிட் கொடுப்பீங்க. கொடுக்கலன்னா 100 கேபி. ஒரு ரூட்டுக்கு ஒரு லிமிட், இன்னொரு ரூட்டுக்கு வேற லிமிட் வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலயே இருக்கிற இன்டெல் நம்பர்ஃபார்மேட்டும் அப்படித்தான். இந்திய ஆங்கில லொக்கேல் கொடுத்து ஒண்ணு உருவாக்கினா ஒரு லட்சத்தை 1,00,000-னு காட்டும். அமெரிக்க லொக்கேல் கொடுத்து இன்னொண்ணு உருவாக்கினா 100,000. ரெண்டும் ஒரே பக்கத்துல சண்டை இல்லாம இருக்கும்.

ஆக்ஸியோஸ் இன்னும் நல்ல பாடம், ஏன்னா அதுல ரெண்டு வழியும் இருக்கு. ஆக்ஸியோஸ் டாட் டிஃபால்ட்ஸ்ல மாத்தினா அது பொது ரிமோட். ஆக்ஸியோஸ் டாட் கிரியேட் போட்டா உங்களுக்குன்னு ஒரு தனி இன்ஸ்டன்ஸ். அதுக்கு மேல ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் தனி செட்டிங்கும் கொடுக்கலாம். மோதல் வந்தா, லைப்ரரியோட டிஃபால்ட்டை இன்ஸ்டன்ஸ் ஜெயிக்கும், இன்ஸ்டன்ஸை ரிக்வெஸ்ட் ஜெயிக்கும். வேலைக்குப் பக்கத்துல சொன்ன வார்த்தைக்குத்தான் மதிப்பு. நீங்க எழுதற மாட்யூலுக்கும் இந்த வரிசை நல்லா பொருந்தும்.

"எல்லா ஃபைல்லயும் ஆப்ஷன்ஸ் எழுதணுமா?"

ஃபேக்டரின்னு சொன்னதும் டீம்ல வந்த முதல் புகார் இது. "பேமென்ட்டை இருபது இடத்துல கூப்பிடறோம், இருபது இடத்துலயும் ஆப்ஷன்ஸ் கொடுக்கணுமா?" வேண்டாம். உங்க ஆப்-ல ஒரு சின்ன ஃபைல் வைங்க. பேமென்ட் ரீட்ரைன்னு பேர் வைங்க. அதுல கிரியேட்டை ஒரு தடவை கூப்பிட்டு, வர்றதை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. இருபது இடமும் அந்த ஃபைலை இம்போர்ட் பண்ணட்டும். "மாட்யூல் ஒரு தடவைதான் ஓடும்"ங்கிற அதே குணம் இப்போ நமக்கு உதவி பண்ணுது.

அப்போ பொது செட்டிங்கே கூடாதான்னா, அப்படியும் இல்ல. லாக் எவ்வளவு விரிவா எழுதணும்ங்கிறது மாதிரி ஆப் முழுசுக்கும் உண்மையிலேயே பொதுவான விஷயம் இருக்கு. அதுக்கு கான்ஃபிகர் வெச்சா ரெண்டு கட்டுப்பாடு போடுங்க. ஒண்ணு, ஆப்-போட ஆரம்ப ஃபைல் மட்டும்தான் அதைத் தொடணும், லைப்ரரிகள் தொடவே கூடாது. ரெண்டு, இரண்டாவது தடவை கூப்பிட்டா எர்ரர் எறியட்டும். என் பழைய ரீட்ரைல இந்த ரெண்டாவது கட்டுப்பாடு இருந்து, பேமென்ட் டீம் ஆரம்பத்துலயே ஜீரோன்னு வெச்சிருந்தா, ரிப்போர்ட் ஃபைல் முதல் நாளே வெடிச்சிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சர்வர்ல லாகின் டோக்கன், யூசரோட மொழி மாதிரி ஆளுக்கு ஆள் மாறற எதையும் மாட்யூல் மேல வேரியபிள்ல வைக்காதீங்க. ஒரே ப்ராசஸ் ஒரே நேரத்துல பல பேருக்கு பதில் சொல்லுது. ஒருத்தரோட டோக்கன் இன்னொருத்தர் ரிக்வெஸ்ட்ல போக ஒரு அவெய்ட் போதும்.

ஜீரோவும் ஒரு பதில்தான்

கதை இன்னும் முடியல. நான் ஃபேக்டரியா மாத்தி எழுதும்போது டிஃபால்ட்டை மூணு ஆக்கினேன். முக்கால்வாசி பேர் ரீட்ரை வேணும்னுதான் கேட்டாங்க, வேண்டாதவங்க ஜீரோன்னு தெளிவா கொடுக்கட்டும்னு நினைச்சேன். டிஃபால்ட் போட, எல்லாரும் பண்ற மாதிரி, ஆப்ஷன்ஸ் டாட் ரீட்ரைஸ், ரெண்டு செங்குத்துக் கோடு, மூணுன்னு எழுதினேன்.

டீம்ல புதுசா சேர்ந்திருந்த ஒரு பொண்ணு இதுக்கு டெஸ்ட் எழுதிட்டு வந்து கேட்டாங்க: "அண்ணா, ஜீரோ கொடுத்தா மூணு தடவை போகுதே, இது சரியா?"

எனக்கு வயிறு கலங்கிடுச்சு. அந்த ரெண்டு கோடு, அதான் ஆர் ஆபரேட்டர், இடது பக்கம் ஜீரோ, காலி ஸ்ட்ரிங், ஃபால்ஸ் எது இருந்தாலும் "இல்லை"ன்னு எடுத்துக்கும். பேமென்ட் டீம் ஜீரோன்னு தெளிவா சொல்லியும் மூணு கிடைச்சிருக்கும். அதே பக் வேற வாசல் வழியா வந்திருக்கும்.

இதுக்கு 2020 பதிப்புல வந்த ரெண்டு கேள்விக்குறி ஆபரேட்டர் இருக்கு. அது நல்லும் அன்டிஃபைன்டும் வந்தா மட்டும்தான் டிஃபால்ட்டுக்குப் போகும், ஜீரோவை மதிக்கும். ஃபங்ஷன் அடைப்புக்குறிக்குள்ளயே டீஸ்ட்ரக்சரிங் பண்ணி டிஃபால்ட் கொடுக்கலாம், அது அன்டிஃபைன்டுக்கு மட்டும் வேலை செய்யும். டிஃபால்ட்ஸையும் ஆப்ஷன்ஸையும் மூணு புள்ளி போட்டு ஸ்ப்ரெட் பண்றவங்களுக்கு ரெண்டு விஷயம்: யாராவது அன்டிஃபைன்ட்னு வெளிப்படையா அனுப்பினா அது டிஃபால்ட்டை அழிச்சிடும். உள்ளுக்குள்ள இன்னொரு ஆப்ஜெக்ட் இருந்தா அது கலக்காது, மொத்தமா மாறிடும்.

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொன்னாங்க: "யாராவது ஆப்ஷனே கொடுக்க மறந்தா எது நல்லது, மூணா ஜீரோவா?" யோசிச்சுப் பார்த்தேன். ரிப்போர்ட் வரலன்னா ஒருத்தர் திட்டுவார். பணம் ரெண்டு தடவை போனா ஒருத்தருக்கு வாடகை கட்ட முடியாது. டிஃபால்ட்டைத் திரும்ப ஜீரோ ஆக்கினேன். எது வசதியோ அது டிஃபால்ட் இல்ல. மறந்தாலும் சேதம் கம்மியா இருக்கிறதுதான் டிஃபால்ட்.

இன்னும் மூணு சின்ன விஷயம்

ஒண்ணு: தெரியாத ஆப்ஷன் பேர் வந்தா எர்ரர் எறியுங்க. ரீட்ரைஸ்னு அடிக்கப் போய் ரெண்டு எழுத்து இடம் மாறினா ரிடையர்ஸ் ஆயிடும். மாட்யூல் அதைக் கண்டுக்காம டிஃபால்ட்ல ஓடும். நாம செட் பண்ணிட்டோம்னு நிம்மதியா தூங்குவோம்.

ரெண்டு: ஆப்ஷன்னா எண்ணும் ஸ்ட்ரிங்கும் மட்டும் இல்ல, ஃபங்ஷனும் கொடுக்கலாம். "எந்த எர்ரருக்கு மறுபடி முயற்சிக்கணும்"ங்கிறதை மாட்யூலே முடிவு பண்ணாம, யூஸ் பண்றவங்க ஒரு ஃபங்ஷனா கொடுக்கட்டும். காத்திருக்கிற ஃபங்ஷனையும் வெளியில இருந்து வாங்கினா, டெஸ்ட்ல நிஜமா அஞ்சு செகண்ட் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மூணு: மாட்யூல் உள்ள போய் என்வைரன்மென்ட் வேரியபிளை நேரா படிக்காதீங்க. அதுவும் ஒளிஞ்சிருக்கிற ஒரு ரிமோட்தான். ஆப்-போட ஆரம்ப ஃபைல் படிச்சு, ஆப்ஷனா கையில கொடுக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வேலை

நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க ரிப்போ-ல கான்ஃபிகர், செட்-னு ஆரம்பிக்கிற எக்ஸ்போர்ட்டுகளைத் தேடுங்க. ஒவ்வொண்ணுகிட்டயும் ஒரே கேள்வி: வேற ஃபைல்ல யாராவது இதைக் கூப்பிட்டா, என் ஃபைலைப் படிக்கிறவங்களுக்கு அது தெரியுமா? தெரியாதுன்னா அங்க ஒரு ரிமோட் இருக்கு.

அந்த ஏழு பேருக்கும் பணம் திரும்பப் போச்சு, ஆனா உடனே இல்ல, சில நாள் ஆச்சு. வாடகைப் பணம்னு எழுதினவருக்கு நானே மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன். அவர் "சரி சார்"னு ஒரு வரி பதில் போட்டார். நான் அந்தக் கம்பெனியை விட்டு வரும்போது பேமென்ட் ரீட்ரை ஃபைல் மொத்தமே மூணு வரி. நடு வரில தெளிவா எழுதியிருந்துச்சு: ரீட்ரைஸ், ஜீரோ. டிஃபால்ட்டும் ஜீரோதானே, எதுக்கு இந்த வரின்னு ஒருத்தர் ரிவ்யூல கேட்டார். இருக்கட்டும்னு சொன்னேன்.

அடுத்த எபிசோட்ல ஐடெம்பொட்டன்சி கீ பத்திப் பேசலாம்.